தலையைக் கீழே இழுத்துக் கட்டுவதுதான் டிரெஸாஜா?

ஜீவன்பீமாநகர் கணக்குப்பிள்ளை எழுதியது:

எனக்கு 43 வயது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை ஐந்தே காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, பெங்களூரில் எலகங்காவுக்கு அப்பால் இருக்கும் ஒரு சவாரிப் பள்ளிக்கு டிரெஸாஜ் கற்கப் போகிறேன். மெல்லிய சைகையிலேயே குதிரையை இசைவாக நடக்கவைக்கும் கலை அது. பள்ளியின் பெயர் வேண்டாம். ஆடிட்டர் அலுவலகத்தில் அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்தே இருபது வருடம் போய்விட்டது. என் பேரிலும் ஒரு கிறுக்கு இருக்கட்டும் என்று 14 மாதத்துக்கு முன்னால் குதிரை ஏறினேன். மாமியார் என்னைத் 'தேசிங்கு' என்றுதான் கூப்பிடுகிறார். பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குக் கொடுத்திருப்பது ஏழு வயதுச் செவலை, காயடித்த ஆண். பந்தயத்தில் மூன்று வருடம் ஓடிவிட்டு, இனி இதனால் காசு வராது என்று ஆனதும் இங்கே வந்து சேர்ந்தது. லாயத்தில் அதன் பெயர் ஜிலேபி. நடக்கும்போது தங்கம். டிராட், அதாவது துள்ளு நடை, தொடங்கியதும் ஒட்டகம் மாதிரித் தலையைத் தூக்கிக்கொண்டு வேகம் எடுக்கிறது. லகானை இழுத்தால் இன்னும் வேகம். இடப்பக்க வட்டம் ஏதோ வட்டம் என்று சொல்லும்படி இருக்கும். வலப்பக்கம் போனால் உருளைக்கிழங்கு.

மூன்று வாரத்துக்கு முன்னால் பயிற்சியாளர் டிரா ரெயின் மாட்டினார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வயிற்று வாரில் தொடங்கி, கடிவாள வளையத்துக்குள் நுழைந்து, நம் கைக்கு வந்து சேரும் நீண்ட வார் அது. கிணற்றுக் கப்பி மாதிரி, கொஞ்சம் இழுத்தாலே பெரிய வலு. ஐந்தே நிமிடத்தில் ஜிலேபியின் கழுத்து வில்லாக வளைந்துவிட்டது. கணவர் எடுத்த போட்டோவில் அது வியன்னாக் குதிரை, நான் மகாராணி. திங்கட்கிழமை அலுவலகம் முழுக்கக் காட்டினேன்.

அடுத்த வாரம் முதுகில் பிரஷ் வைத்ததும் தோலைச் சிலிர்த்து முதுகைக் கீழே இறக்கிக்கொண்டது. அதற்கடுத்த வகுப்பில் வயிற்று வாரை இறுக்கப் போன சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) அண்ணனின் தோளைக் கடிக்க வந்தது. அவர் ஓசூர்க்காரர், அதிகம் பேச மாட்டார். "இது இப்படிச் செய்கிற பிள்ளை இல்லை, மேடம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

"பந்தயக் குதிரைக்கு வேறு வழி கிடையாது, தலை இறங்கினால் முதுகு தானாக வரும்" என்கிறார் பயிற்சியாளர். பழைய முறை டிரெஸாஜ் பற்றி நான் படித்ததெல்லாம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது. யார் சொல்வது சரி? வாரம் இரண்டு நாள் ஏறுகிற, சொந்தக் குதிரை இல்லாத ஒருத்தி இதில் என்ன செய்துவிட முடியும்? வேறு பள்ளி பாருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்குப் பஸ் இருப்பது இந்த ஒன்றுக்குத்தான். தவிர, நான் போனாலும் ஜிலேபி அங்கேயேதான் இருக்கும்.

மாரத்தஹள்ளி மென்பொருள் எழுதியது:

டிரா ரெயினைப் பிசாசு போலப் பார்க்க வேண்டாம். தடை தாண்டும் குதிரை வைத்திருக்கும் பலர் பயிற்சியில் பயன்படுத்துகிறார்கள். கை நிதானமாக இருந்தால் பாதகமில்லை.

நான் முதலில் கேட்பது வேறு: பல் பார்த்தார்களா? குதிரைக்கு ஆயுள் முழுக்கப் பல் மேலே வந்துகொண்டே இருக்கும். கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது அரத்தால் ராவிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வளைய மறுக்கிறது என்றால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வரும்.

பழைய சவாரி வாத்தியார், அல்சூர் எழுதியது:

அம்மா, முதலில் அந்த ஓசூர்த் தம்பிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் லாயத்தில் டிரெஸாஜ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

நான் ராணுவத்தில், குதிரை முதலிய விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் ரிமவுண்ட் வெட்னரி கோரில் 24 வருடம் இருந்தவன். சகரன்பூரில் புதுக் குதிரைகளைப் பழக்கினேன், பிறகு மீரட்டில் புது ஆட்களைப் பழக்கினேன். குதிரைகளைப் பற்றி எனக்குப் புகார் ஏதும் இல்லை.

என் தகப்பனார் வேலூர்ப் பக்கம் கட்டை வண்டி ஓட்டியவர். நெல் மூட்டை ஏற்றும்போது அவர் கவனிப்பது ஒன்றைத்தான்: முன்பாரமா, பின்பாரமா? முன்பாரம் ஆனால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் ஏறி உட்காரும். குதிரை பிறவியிலேயே முன்பாரம். சும்மா நிற்கும்போதே உடல் எடையில் சுமார் 60 சதவிகிதத்தை முன்னங்கால்கள் சுமக்கின்றன. போதாததற்கு நாமும் முதுகின் முன்பாதியில்தான் ஏறி உட்காருகிறோம். டிரெஸாஜ் என்பது மூட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்துகிற வேலை. பின்னங்கால் வயிற்றுக்கடியில் ஆழமாக வந்து, பின்பகுதி தாழ்ந்து சுமையை வாங்கிக்கொண்டால், முன்பகுதி லேசாகி, கழுத்து தானே எழுந்து வளையும். அது வருடக் கணக்கில் ஆகிற காரியம். நுகத்தடி நுனியில் கயிறு கட்டி இழுத்தாலும் வண்டி சமமாகத்தான் தெரியும், மூட்டை மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கும். உங்கள் போட்டோவில் இருப்பது அந்த வண்டி.

ஜெர்மன்காரர்கள் இதை ஆறு படியாக வகுத்திருக்கிறார்கள். முதலில் தாளம், அடுத்து உடம்பின் இளக்கம், அதன் பிறகுதான் கடிவாளத்தோடு தொடர்பு. அதற்கும் மேலே உந்துதல், நேராக நடத்தல், கடைசியில் ஒடுக்கம், அதாவது நான் சொன்ன பின்பாரம். ஜிலேபிக்குத் தாளமே இன்னும் வரவில்லை. உங்கள் வாத்தியார் மூன்றாவது படியைக் கயிறு போட்டு மேலிருந்து வாங்கப் பார்க்கிறார்.

லகானை இழுத்தால் வேகம் எடுக்கிறது என்கிறீர்கள். ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிப்பான், குதிரை அதன் மேல் சாய்ந்துகொண்டு ஓடும். மூன்று வருடமாக அது படித்த பாடம் இதுதான். நீங்கள் 'நில்' என்று சொல்கிறீர்கள், அதன் காதில் 'ஓடு' என்று விழுகிறது. அடங்காத குதிரை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சொன்னதைத்தான் கேட்கிறது.

வலப்பக்கம் வளையாததற்குக் காரணத்தை வலப்பக்கத்தில் தேட வேண்டாம். வலது பக்கம் வளைய வேண்டுமானால் இடது விலாப்புறம் நீள வேண்டும், அது நீள மறுக்கிறது. பந்தய மைதானத்தில் எப்போதும் ஒரே பக்கமாக வளைந்து ஓடிய உடம்புக்கு இது புதிதல்ல.

இனி சொல்லப்போவதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் டிராட்டில் லகானைப் பிடித்துக்கொண்டுதான் விழாமல் இருக்கிறீர்கள். 14 மாதத்தில் எல்லோரும் அப்படித்தான், நானும் அப்படித்தான் இருந்தேன். சந்தேகம் இருந்தால் அடுத்த முறை இரண்டு லகானையும் ஒரே கையில் பிடித்து, மற்றக் கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு டிராட் போங்கள். தோள் எங்கே போகிறது, முட்டி எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். கைக்கும் இடுப்புக்கும் உள்ள உறவு அறுகிற வரைக்கும் குதிரையின் வாய்க்கு விடுதலை கிடையாது.

வியன்னா என்று சொன்னீர்களே. அங்கே ஸ்பானியச் சவாரிப் பள்ளியில், 1735இல் கட்டி முடித்த வெள்ளைக் கூடத்தில் வெள்ளைக் குதிரைகள் ஆடுவதைத்தான் உலகம் பார்க்கிறது. அதே பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளையை மாதக்கணக்கில் லஞ்ச் கயிற்றில் சுற்றவிடுகிறார்கள். வாத்தியார் நடுவில் நின்று நீண்ட கயிற்றால் குதிரையைத் தன்னைச் சுற்றி ஓட்டுவதுதான் லஞ்ச். காலுக்கு அங்கவடி இல்லை, கைக்கு லகான் இல்லை. குதிரையை வாத்தியார் பார்த்துக்கொள்வார், பிள்ளை உட்காரக் கற்றுக்கொண்டால் போதும். எங்கள் ராணுவத்திலும் அதே கதை. துல்கி (டிராட்டுக்கு எங்கள் பெயர்) போகும்போது அங்கவடியை விடச் சொல்லிக் கத்துவார்கள். முதல் வாரம் முழுக்க நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

ஆகவே உங்களுக்கு லஞ்ச், வகுப்பின் முதல் இருபது நிமிடம். அதற்கு மேல் வேண்டாம், சின்ன வட்டத்தில் சுற்றுவது குதிரையின் மூட்டுக்குப் பளு. மீதி நேரம், டிரா ரெயின் இல்லாமல், 20 மீட்டர் வட்டத்தில் டிராட் பத்து அடி, நடை, மறுபடியும் டிராட் பத்து அடி. பதினொன்றாவது அடியை எடுக்க விடாதீர்கள். நாலைந்து சுற்றில் 'எப்படியும் நடக்கத்தான் சொல்லப்போகிறாள்' என்று அதுவே காத்திருக்கத் தொடங்கும். நடைக்கு மாற்றும்போது இழுக்காமல், மூச்சை முழுக்க வெளியே விட்டு, இடுப்பின் அசைவை நிறுத்திப் பாருங்கள். முதல் நாள் நடக்காது. ஐந்தாவது நாளுக்குள் நடக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.

சேணத்தையும் பாருங்கள். கீழே துணி வைக்காமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்து, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவே கையை விடுங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பந்தயம் விட்ட குதிரையின் முதுகு மாறிக்கொண்டே இருக்கும், ஒரே சேணம் எல்லா வருடமும் பொருந்தாது.

ஹெப்பாளக் கால்நடைக்காரி எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று. வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருவது வெறும் கோபமாக இருக்க வேண்டியதில்லை. குதிரையின் இரைப்பையில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். ஓட்ஸ் நிறைய, புல் குறைய, நாள் முழுக்க அடைப்பு என்று வாழும் பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் மிகவும் சாதாரணம். சவாரிக்கு முன்னால் வெறும் வயிற்றில் விடாமல் ஒரு கை குதிரைமசால் கொடுக்கச் சொல்லுங்கள். அமிலத்தைக் கொஞ்சம் தணிக்கும். அதற்கும் அடங்கவில்லை என்றால் மருத்துவர் குழாய் விட்டுப் பார்ப்பதுதான் வழி. முதுகு, சேணம், பல், வயிறு நான்கையும் பார்க்காமல் குணத்தைக் குறை சொல்லாதீர்கள்.

போட்டிக்காரியின் அம்மா எழுதியது:

என் மகள் மூன்று வருடமாக ஜூனியர் டிரெஸாஜ் போட்டிகளுக்குப் போகிறாள். நான் ஏறியதில்லை, மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெயில் காய்ந்தே இந்தக் கலையைக் கற்றேன்.

போட்டி என்றாலே கழுத்தை முறுக்குவது என்று பேசுவதை இங்கே அடிக்கடி பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். விதிப் புத்தகமே உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பிடரி உச்சிதான் மிக உயர்ந்த புள்ளியாக இருக்க வேண்டும், மூக்கு செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னே இருக்க வேண்டும் என்பது சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதி. டிரா ரெயினோடு டிரெஸாஜ் போட்டிக்குள் நுழையவே முடியாது. வன்முறையால் கழுத்தை மார்போடு ஒட்ட மடக்குவதை 2010இலேயே ஏற்க முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். நடுவர்கள் எல்லா நேரமும் அதன்படிதான் மார்க் போடுகிறார்களா என்பது வேறு சண்டை. நாற்காலியில் இருந்தபடி நானும் நிறையப் போட்டிருக்கிறேன்.

2023இல் ஹாங்ஜௌ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸாஜ் அணி தங்கம் வாங்கியபோது எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல். குதிரையேற்றத்தில் 1982க்குப் பிறகு இந்தியாவுக்கு வந்த முதல் தங்கம் அது. அந்த நால்வரில் ஒருவரான அனுஷ் அகர்வாலா அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிரெஸாஜ் ஏறிய முதல் இந்தியர் ஆனார். இந்தப் பிள்ளைகள் வருடக்கணக்கில் ஐரோப்பாவில் போய்த் தங்கிக் கற்றவர்கள். குறுக்கு வார் மாட்டி ஒரு மாதத்தில் வந்த தங்கம் இல்லை. நம் ஊர் ஃபவாத் மிர்சா டோக்கியோ ஒலிம்பிக்கில் ஏறிய ஈவென்டிங் என்ற மூன்று கட்டப் போட்டியிலும் முதல் கட்டம் டிரெஸாஜ்தான்.

இப்போது உங்கள் சிக்கல். "டிரா ரெயினைக் கழற்றுங்கள்" என்று போய் நின்றீர்களானால் பயிற்சியாளர் முறுக்கிக்கொள்வார். நான்கு பேர் முன்னால் சொன்னால் கேட்கவே வேண்டாம். "சார், எனக்கு உட்காரவே தெரியவில்லை, என்னால் குதிரை கெடுகிறது, இரண்டு மாதம் லஞ்சில் போடுங்கள்" என்று கேளுங்கள். பழியை நம் மேல் போட்டுக்கொண்டால் எந்த வாத்தியாரும் இறங்கி வருவார். லஞ்சில் இருக்கும்போது உங்கள் கையில் லகானே இருக்காது, பிறகு டிரா ரெயின் எங்கிருந்து வரும்?

பழைய சவாரி வாத்தியார், அல்சூர் எழுதியது:

இந்த அம்மா ராணுவத்தில் சேர்ந்திருந்தால் எங்களை எல்லாம் பென்ஷனில் அனுப்பியிருப்பார். அப்படியே கேளுங்கள்.

தமிழாசிரியர், ஸ்ரீராமபுரம் எழுதியது:

குதிரை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, வட்டம் என்றதும் நுழைந்துவிட்டேன். மதுரைக்காஞ்சியில் குதிரைகள் பழகும் இடம் வருகிறது. குளம்பு பட்டுப் பட்டுத் தேய்ந்த வட்டப் பாதைக்கு 'அடிபடு மண்டிலம்' என்று பெயர், நேரே ஓடும் ஓட்டத்துக்கு 'ஆதி'. நீங்கள் எல்லாம் லஞ்ச், சர்க்கிள் என்று எழுதுவதைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. சரி, நீங்கள் பேசுங்கள்.

ஜீவன்பீமாநகர் கணக்குப்பிள்ளை எழுதியது (ஏழு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. கணக்கை ஒப்படைக்கிறேன்.

போட்டிக்காரியின் அம்மா சொல்லிக்கொடுத்த வசனத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். பயிற்சியாளர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இதை நீங்களே உணர்ந்தது நல்லது" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதல் லஞ்ச் வகுப்பில் இரண்டு முறை சேணத்தின் முன்வளைவைப் பிடித்தேன், ஒரு முறை பிடிக்கவும் நேரமில்லாமல் மணலில் உட்கார்ந்தேன். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் அடி இல்லை, சேறு மட்டும். திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மூன்றாவது வாரம்தான் என் வலது முட்டி எப்போதும் சேணத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. வட்டம் ஏன் உருளைக்கிழங்கு ஆகிறது என்பதற்குப் பாதி விடை அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். 14 மாதமாகக் குதிரையின் இடது விலாவைக் குற்றம் சொல்ல எனக்கு ஆள் கிடைத்திருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

மாரத்தஹள்ளிக்காரருக்கு ஒரு மார்க்: பல் மருத்துவர் வந்தபோது ஜிலேபியையும் வரிசையில் சேர்க்கச் சொன்னேன். வலது கடைவாயில் இரண்டு பல் கத்தி மாதிரி இருந்ததாம், உள்கன்னத்தில் புண். ராவியாயிற்று. குதிரைமசால் சைஸ் அண்ணன் பொறுப்பு. கடிக்க வருவது நின்றுவிட்டது. காதை மட்டும் இன்னும் பின்னுக்கு மடக்குகிறது. சேணத்தில் இரண்டு விரல்தான் நுழைகிறது, அதுவும் தகராறு செய்து. கூடுதல் திண்டு ஒன்று நானே வாங்கிக் கொடுத்தேன், பில் என் பெயரில். திண்டு நிரந்தரத் தீர்வு இல்லை என்று வாத்தியார் ஐயா எழுதுவதற்கு முன்னால் நானே ஒப்புக்கொள்கிறேன்.

பத்து அடி டிராட், பத்து அடி நடை. ஐந்தாவது நாள் நடக்கவில்லை ஐயா, ஒன்பதாவது நாள் நடந்தது. மூச்சை விட்டேன், ஜிலேபி நடைக்கு இறங்கியது, லகான் தளர்வாகவே இருந்தது. தற்செயல் என்று நினைத்து மறுபடி செய்தேன். மறுபடியும் இறங்கியது. போன ஞாயிறு இடப்பக்க வட்டத்தில் மூன்று சுற்று அதுவாகவே கழுத்தை முன்னால் நீட்டி இறக்கி, மூக்கால் நீளமாக ஒரு காற்று விட்டது. அப்போது என் இருப்புக்குக் கீழே முதுகு மேலே வந்த மாதிரி இருந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, நின்றிருந்த லிஃப்ட் மெல்லக் கிளம்பினது போல.

கணவர் அதையும் போட்டோ எடுத்தார். கழுத்து நீட்டி, மூக்கு முன்னே, பார்வைக்கு மிகச் சாதாரணமான செவலைக் குதிரை. அலுவலகத்தில் ஒருவரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

டிரா ரெயின் இன்னும் அங்கே ஆணியில் தொங்குகிறது, மற்றவர்களுக்கு மாட்டுகிறார்கள். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வலப்பக்க வட்டம் இப்போது முட்டை அளவுக்கு வந்திருக்கிறது. அடுத்து என்ன?

பழைய சவாரி வாத்தியார், அல்சூர் எழுதியது:

ஒன்பது நாள் என்பது நல்ல கணக்கு. நான் ஐந்து என்று சொன்னது உங்களை அவசரப்படுத்த.

திண்டு பற்றி நீங்களே எழுதிவிட்டதால் விடுகிறேன். ஆனால் மாதம் ஒரு முறை விரல் விட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஷோல்டர் இன் என்று எல்லோரும் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் கெரினியேர் 1733இல் எழுதி வைத்துவிட்டுப் போன பாடம், முன் தோளைச் சுவரிலிருந்து உள்ளே கொண்டுவந்து, உள்பக்கப் பின்னங்காலை வயிற்றுக்கடியில் அழைப்பது. வலப்பக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான். எந்தப் பின்னங்கால் எப்போது காற்றில் இருக்கிறது என்று தெரியாமல் அதை அழைக்க முடியாது, தவறான நேரத்தில் உதைப்பதுதான் மிஞ்சும்.

அதனால் இப்போதைக்கு நடை மட்டும். குனிந்து பார்க்கக் கூடாது. அங்கவடியை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் இடுப்பின் எந்தப் பக்கம் தாழ்கிறது என்று கவனியுங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கப் பின்னங்கால் தரையை விட்டு முன்னே வந்துகொண்டிருக்கிறது. உங்கள் காலால் சொல்ல வேண்டியதை அந்த நொடியில் சொன்னால்தான் அதற்குக் கேட்கும். ஓசூர்த் தம்பியைப் பின்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நடந்து வரச் சொல்லுங்கள். நீங்கள் 'இடது, வலது, இடது' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போங்கள். தவறினால் அவர் "இல்லை மேடம்" என்று சொல்லட்டும்.